குவிஸ் இரவில் மறுபடி மறுபடி வரும் சந்தேகங்கள்

நண்பர்கள் வட்டத்தில் பப் குவிஸ் நடத்துகிறேன். கேள்வி தயார் செய்வது, விடைத்தாள் திருத்துவது, தகராறு வந்தால் தீர்த்து வைப்பது எல்லாம் என் பொறுப்பு. யார் வந்தாலும், எந்த டீம் ஜெயித்தாலும், சந்தேகங்கள் மட்டும் அதே சந்தேகங்கள்தான். அவற்றை எளிமையானவற்றில் தொடங்கி இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன.

பப் குவிஸ்னா என்ன? டிவியில வர்ற மாதிரி பஸ்ஸர் அடிக்கணுமா?

பஸ்ஸர் கிடையாது, மேடையும் கிடையாது. நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் அதுதான் டீம். நான் கேள்வியை இரண்டு முறை வாசிப்பேன். நீங்கள் கிசுகிசுவென்று பேசி ஒரு பதிலை முடிவுசெய்து தாளில் எழுத வேண்டும். ரவுண்டு முடிந்ததும் பக்கத்து டீமோடு தாளை மாற்றிக்கொண்டு திருத்துவீர்கள். பிரிட்டனில் 1970-களில் பப்களில் பரவிய பழக்கம் இது. இந்தியாவில் குவிஸ் அதற்கும் முந்தியது. 1967-லேயே கல்கத்தாவில் நீல் ஓபிரையன் பொதுமக்களுக்கான போட்டியை நடத்திவிட்டார்.

என்னென்ன படிச்சிட்டு வரணும்? இயர்புக் போதுமா?

எதையும் படித்துவிட்டு வர வேண்டாம். இயர்புக் மனப்பாடம் போட்டித் தேர்வுக்கு உதவும். இங்கே ஜெயிப்பது பல மாதிரி ஆட்கள் சேர்ந்த டீம்தான். கிரிக்கெட் பார்க்கிறவர் ஒருவர், பழைய பாட்டு தெரிந்தவர் ஒருவர், செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விடாமல் படிக்கிற பெரியவர் ஒருவர் இருந்தால் போதும். நான்கு இன்ஜினீயர்கள் சேர்ந்து உட்கார்ந்த டீம் பூக்கள் ரவுண்டில் தாளை அப்படியே வெறுமையாக நீட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்பெல்லிங் தப்பா எழுதினா பாயிண்ட் போயிடுமா?

போகாது. வாசித்தால் அந்தப் பெயர்தான் என்று புரிந்தால் பாயிண்ட் உண்டு. தமிழில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் ஒன்றுதான்.

பெயரில் பாதியை மட்டும் எழுதும்போதுதான் சிக்கல். ‘ஐன்ஸ்டைன்’ என்றால் போதும், வேறு ஆள் யாரும் குறுக்கே வரப்போவதில்லை. ‘ரூஸ்வெல்ட்’ போதாது, அமெரிக்காவுக்கு அந்தப் பெயரில் இரண்டு அதிபர்கள். நோபல் கேள்விக்கு ‘கியூரி’ என்று மட்டும் எழுதினாலும் ஏற்க முடியாது. மேரி கியூரி, கணவர் பியேர், மகள் ஐரீன் மூவருமே நோபல் பெற்றவர்கள். குழப்பம் வரும் என்று தோன்றினால் முழுப்பெயர் எழுதிவிடுங்கள்.

ஆஸ்திரேலியா தலைநகரம் சிட்னிதானே?

கான்பரா. சிட்னியா மெல்போர்னா என்ற இழுபறியில் இரண்டுக்கும் வேண்டாம் என்று புதிதாகக் கட்டிய நகரம். 1927-ல் நாடாளுமன்றம் அங்கே குடியேறியது. பெரிய நகரம்தான் தலைநகரம் என்று நினைத்து இழந்த பாயிண்டுகள் ஏராளம். துருக்கிக்கு இஸ்தான்புல் இல்லை, அங்காரா. கனடாவுக்கு டொரொண்டோ இல்லை, ஒட்டாவா. நியூசிலாந்துக்கு ஆக்லாந்து இல்லை, வெலிங்டன். மியன்மாருக்கு இப்போது யாங்கூன் இல்லை, நேப்பிடோ.

நமக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. இலங்கைக்குக் கொழும்பு என்று எழுதாத டீமைப் பார்ப்பது அபூர்வம். சட்டப்படி தலைநகரம் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டை. 1982 முதல் நாடாளுமன்றம் அங்கேதான். தென்னாப்பிரிக்காவுக்கு நிர்வாகம் பிரிட்டோரியா, சட்டமன்றம் கேப்டவுன், நீதித்துறை புளூம்ஃபோன்டைன் என்று மூன்று. அதனால் அந்த நாட்டைப் பற்றி ‘தலைநகரம் எது?’ என்று மொட்டையாகக் கேட்க மாட்டேன்.

தேசிய விளையாட்டு ஹாக்கின்னு எழுதினோம். ஏன் தப்பு போட்டீங்க?

இந்தியா எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவித்ததே இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது, 2012-ல் விளையாட்டு அமைச்சகமே அப்படித்தான் பதில் சொன்னது. பள்ளியில் படித்தோம் என்பீர்கள். நானும் அதைத்தான் படித்தேன். ஆனால் அறிவிப்பு இல்லை. அண்டை நாடுகளில் இருக்கிறது: வங்கதேசத்துக்குக் கபடி, இலங்கைக்கு வாலிபால்.

தேசிய மொழி கேள்விக்கும் இதே கதிதான். அரசமைப்புச் சட்டத்தின் 343-ஆவது பிரிவு சொல்வது ஒன்றிய அரசின் ஆட்சி மொழியைத்தான். தேசிய மொழி என்று ஒன்றை அது எங்கேயும் குறிப்பிடவில்லை. எட்டாவது அட்டவணையில் இருப்பவை 22 மொழிகள்.

சீனப் பெருஞ்சுவர் நிலாவிலிருந்து தெரியும்னு படிச்சோமே?

தெரியாது. சுவர் நீளமாக இருந்தாலும் அகலம் சில மீட்டர்தான். நிலவோ ஏறத்தாழ 3,84,000 கி.மீ. தொலைவில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். 2003-ல் பூமியைச் சுற்றிவந்த சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவேய், சுவர் தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்றுதான் சொன்னார்.

தஞ்சைப் பெரிய கோயில் விமான நிழல் தரையில விழாதுன்னு சொல்றாங்களே, அதையாவது ஒத்துக்குவீங்களா?

நிழல் விழுகிறது. காலையிலோ மாலையிலோ போய்ப் பிராகாரத்தில் நின்று பாருங்கள். கல் பாவிய தரையில் நீளமாகச் சாய்ந்து கிடக்கும். கொளுத்தும் வெயிலில் ஜனங்கள் அந்த நிழலைத் தேடித்தான் உட்கார்ந்திருப்பார்கள். உச்சி வெயிலில் அடித்தளம் அகலமாக இருப்பதால் மேல்பகுதியின் நிழல் கட்டடத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அதைப் பார்த்துக் கிளம்பிய கதையாக இருக்கலாம்.

1010-ல் முடிந்த ஒரு கோயில், கருங்கல்லே கிடைக்காத காவிரிச் சமவெளியில் அவ்வளவு கல்லைக் கொண்டுவந்து அடுக்கி, ஆயிரம் ஆண்டுகளாக அசையாமல் நிற்கிறது. அதைக் கட்டியவர்களின் திறமையைச் சொல்ல இல்லாத அதிசயம் எதற்கு?

மெரினா உலகத்துலயே ரெண்டாவது நீளமான கடற்கரைதானே?

இல்லை. மெரினாவுக்குச் சொல்லப்படும் நீளம் ஏறத்தாழ 13 கி.மீ. வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் கடற்கரை மட்டுமே ஏறத்தாழ 120 கி.மீ. பிரேசிலின் கசினோ கடற்கரை 200 கி.மீ.க்கும் மேல். ‘ஒரு பெருநகரத்துக்குள்ளேயே இருக்கும் கடற்கரை’ என்று வரம்பு கட்டினால் மெரினா முன்வரிசையில் வரும். ஆனால் அந்த வரம்பை விட்டுவிட்டு ‘உலகின் இரண்டாவது’ என்று எழுதினால் பாயிண்ட் இல்லை.

அப்போ தொட்டபெட்டா தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரம்னு சொல்றது?

அதுவும் தவறு. தொட்டபெட்டா 2,637 மீட்டர். தமிழ்நாட்டில் அதுதான் உயரம், சந்தேகமில்லை. தென்னிந்தியா என்று எல்லையை விரித்தால் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கும் ஆனைமுடி, 2,695 மீட்டர், முந்திக்கொள்கிறது. அதே மாவட்டத்து மீசைப்புலிமலைகூட 2,640 மீட்டர். ஊட்டிக்குச் சுற்றுலா போன எல்லோரும் தொட்டபெட்டாவில் ஏறியிருப்பதால் அந்தப் பெயர்தான் முதலில் நாக்கில் வருகிறது.

எவரெஸ்ட்தான் உயரமான மலைங்கிறதுல யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாதே?

எதிலிருந்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. கடல் மட்டத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட்தான், 8,848.86 மீட்டர். நேபாளமும் சீனாவும் சேர்ந்து 2020 டிசம்பரில் அறிவித்த அளவு இது. அடிவாரத்திலிருந்து உச்சிவரை அளந்தால் ஹவாய்த் தீவின் மௌனா கேயா ஜெயிக்கும். கடலுக்கு மேலே 4,207 மீட்டர்தான் தெரிகிறது. கடலடித் தரையிலிருந்து கணக்கிட்டால் 10,000 மீட்டரைத் தாண்டும்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. பூமி சரியான உருண்டை இல்லை, இடுப்பில் சற்றுப் பருத்தது. நிலநடுக்கோட்டில் அதன் விட்டம் துருவங்களில் இருப்பதைவிட ஏறத்தாழ 43 கி.மீ. அதிகம். ஈக்வடாரின் சிம்பராசோ மலை வெறும் 6,263 மீட்டர்தான். ஆனால் அந்தப் பருத்த இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. நாற்காலிமேல் ஏறி நிற்கிற குழந்தை அப்பாவைவிட உயரமாகத் தெரிவதுபோல, பூமியின் மையத்திலிருந்து அளந்தால் உலகத்திலேயே மிகத் தொலைவில் இருக்கும் சிகரம் அதுதான். எவரெஸ்ட் அந்தப் பட்டியலில் முதலிடத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

‘நீளமான நதி நைலா, அமேசானா?’, ‘பெரிய பாலைவனம் சகாராவா?’ என்று கேட்பவர்களுக்கும் இதே மாதிரியான பதில்தான். வழக்கமான கணக்கில் நீளத்தில் நைல், தண்ணீர் அளவில் அமேசான். மழையோ பனியோ மிகக் குறைவாகப் பொழிந்தால் பாலைவனம் என்பது இலக்கணம். அதன்படி பெரியது அண்டார்க்டிகா, வெப்பப் பாலைவனங்களில்தான் சகாரா.

தமிழ்நாட்டோட முதல் முதல்வர் யாரு? ஒவ்வொரு டீமும் ஒவ்வொரு பேர் எழுதினோம்.

இத்தனை வருடத்தில் அதிகச் சத்தம் கேட்டது இந்தக் கேள்விக்குத்தான். சத்தம் போட்டவர்கள் எல்லோர் பக்கமும் நியாயம் இருந்தது. 1920 தேர்தலுக்குப் பிறகு நீதிக்கட்சி ஆட்சி அமைத்தபோது சென்னை மாகாணத்தின் முதல் அமைச்சராகப் பொறுப்பேற்றவர் ஏ. சுப்பராயலு ரெட்டியார். சில மாதங்களே இருந்தார், அடுத்து பனகல் ராஜா வந்தார். 1947 ஆகஸ்ட் 15 அன்று பதவியில் இருந்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். 1950 ஜனவரி 26-ல் நாடு குடியரசானபோது பி. எஸ். குமாரசாமி ராஜா. 1952-ல் எல்லா வயதுவந்தவர்களும் ஓட்டுப் போட்ட முதல் பொதுத்தேர்தலுக்குப் பிறகு ராஜாஜி. ‘தமிழ்நாடு’ என்று பெயர் மாற்றம் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. அப்போது முதல்வர் அண்ணா. அடுத்த மாதம் 3-ஆம் தேதியே அவர் மறைந்துவிட்டார்.

ஆக ஒரே கேள்விக்கு ஐந்து பெயர். ‘மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் முதல்வர்’ என்று திருத்தினாலும் தப்பிக்க முடியாது. ராஜாஜி அந்தத் தேர்தலில் போட்டியிடவே இல்லை, மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதல்வரானவர். நான் கேட்பதாக இருந்தால் ‘மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்த நாளில் முதல்வராக இருந்தவர் யார்?’ என்று கேட்பேன். அதற்கு ஒரே பதில்தான்.

இந்தியாவின் முதல் கவர்னர் ஜெனரல்?

மேலே சொன்ன அதே சிக்கல். வங்காளத்துக்கு வாரன் ஹேஸ்டிங்ஸ், 1833 சட்டத்துக்குப் பிறகு இந்தியா முழுமைக்கும் வில்லியம் பெண்டிங்க், சுதந்திர இந்தியாவுக்கு மவுண்ட்பேட்டன், இந்தியர் என்றால் ராஜாஜி. முதலும் கடைசியுமான இந்தியர் அவர்தான்.

ஒருநாள் கிரிக்கெட்ல முதல் இரட்டைச் சதம் சச்சின்தானே? இதுல என்ன குழப்பம்?

ஆண்கள் கிரிக்கெட்டில் சச்சின்தான். 2010 பிப்ரவரி 24, குவாலியர், தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 200 நாட் அவுட். ஆனால் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் முன்பே, 1997 டிசம்பரில், பெண்கள் உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவின் பெலிண்டா கிளார்க் டென்மார்க்குக்கு எதிராக 229 நாட் அவுட் அடித்துவிட்டார். நடந்த இடம் நம் மும்பை.

உலகக் கோப்பையும் அப்படியே. முதல் உலகக் கோப்பை 1975 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்கள். பெண்கள் 1973-லேயே இங்கிலாந்தில் ஆடி முடித்துவிட்டார்கள். ‘ஆண்கள்’ என்ற ஒரு சொல்லைக் கேள்வியில் சேர்க்க அரை நொடி ஆகாது. அதை விட்டுவிட்டு, பெலிண்டா கிளார்க் என்று சரியாக எழுதிய டீமுக்குத் தப்பு போட்டால் அது அநியாயம். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

பெண்கள் என்றதும் இன்னொன்று: உலகின் முதல் பெண் பிரதமர் இந்திரா காந்தி இல்லை. 1960-ல் பதவியேற்ற இலங்கையின் சிறிமாவோ பண்டாரநாயக்க.

நோபல் வாங்கின தமிழர்கள் எத்தனை பேர்?

மூன்று பேர். திருச்சியில் பிறந்த சி. வி. ராமன், 1930, இயற்பியல். அவருடைய அண்ணன் மகன் எஸ். சந்திரசேகர், 1983, இயற்பியல். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், 2009, வேதியியல். ‘தமிழ்நாட்டில் பிறந்தவர்கள்’ என்று கேட்டால் இரண்டாகிவிடும், சந்திரசேகர் பிறந்தது லாகூரில். பரிசு வாங்கும்போது அவர் அமெரிக்கக் குடிமகன் என்பதால் ‘நோபல் பெற்ற இந்தியர்கள்’ என்ற கேள்வியிலும் தகராறு வரும்.

கெட்டிக்கார டீம்களுக்கு நான் வைத்திருக்கும் கேள்வி இது: இந்தியாவில் பிறந்து, இந்தியாவில் செய்த ஆய்வுக்காக முதன்முதலில் நோபல் வாங்கியவர் யார்? எல்லோரும் ராமன் என்றே எழுதுவார்கள். விடை ரொனால்ட் ராஸ். அல்மோராவில் பிறந்த ஆங்கிலேயர். 1897-ல் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்து 1902-ல் மருத்துவ நோபல் பெற்றார்.

பூஜ்யத்தைக் கண்டுபிடிச்சது ஆரியபட்டர்தானே?

ஒருவர் பெயரைச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. பூஜ்யத்தை ஓர் எண்ணாகவே எடுத்து, கூட்டல் கழித்தலுக்கு விதி எழுதியவர் பிரம்மகுப்தர், 628-ல். வட்டமாகப் பூஜ்யம் பொறித்த 876-ஆம் ஆண்டுக் கல்வெட்டு குவாலியர் கோட்டைக் கோயிலில் இருக்கிறது. ‘யார் கண்டுபிடித்தது?’ என்று கேட்பதைவிட ‘விதி வகுத்தவர் யார்?’ என்று கேட்பது நியாயம்.

உலகத்துல மொத்தம் எத்தனை நாடு?

ஐ.நா. உறுப்பினர்கள் 193. கடைசியாகச் சேர்ந்தது 2011-ல் தெற்கு சூடான். வாடிகனும் பாலஸ்தீனமும் பார்வையாளர் தகுதியில் இருப்பதால் 195 என்றும் சொல்வார்கள். கால்பந்துச் சங்கமான ஃபிஃபாவில் 211 உறுப்பினர்கள், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் எல்லாம் அங்கே தனித்தனி. எவரெஸ்ட் கதைதான், எதை வைத்து எண்ணுகிறோம் என்று கேள்வியிலேயே சொல்ல வேண்டும்.

சனிக்கு எத்தனை நிலா? புத்தகத்துல 82-ன்னு இருக்கே?

அந்தப் புத்தகம் அச்சானபோது 82 சரி. 2025 மார்ச்சில் ஒரே மூச்சில் 128 நிலவுகள் சேர்ந்து 274 ஆகிவிட்டது. இப்படி வளர்ந்துகொண்டே போகும் எண்ணைக் கேட்க எனக்கு விருப்பமில்லை. ‘அதிக நிலவுகள் உள்ள கோள் எது?’ என்று கேட்கலாம். அதையும் அன்று காலையில் ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் கேட்பேன், வியாழனும் சனியும் மாறி மாறி முந்தியிருக்கின்றன. புளூட்டோவும் 2006 வரை கோள்தான். அதற்கு முந்தைய புத்தகம் வைத்திருப்பவர் ஒன்பது என்று எழுதினால் அவர் மேல் எனக்குக் கோபம் வராது, பாயிண்டும் வராது.

போன்ல தேடினா வேற பதில் காட்டுதே, அதை ஏன் ஏத்துக்க மாட்டேங்கிறீங்க?

முதலில், கேள்வி ஓடும்போது போனைத் தொட்டால் அந்த ரவுண்டு முழுக்கப் பூஜ்யம். ரவுண்டு முடிந்த பிறகு தாராளமாகத் தேடுங்கள், மேல்முறையீடு செய்யுங்கள். ஆனால் தேடியதும் மேலே வந்து நிற்கும் இரண்டு வரி எனக்கு ஆதாரம் இல்லை. ஏஐ தரும் பதிலும் அப்படித்தான். மெரினா பற்றிய அந்த வரி எத்தனை இடத்தில் நகலாகியிருக்கிறது என்று பார்த்தால் புரியும். நூறு பக்கம் ஒரே தவறைச் சொன்னாலும் மூலம் ஒன்றுதான். அரசாணை, சர்வே அளவு, நோபல் அமைப்பின் பட்டியல், ஆட்டத்தின் ஸ்கோர்கார்டு போல அந்த விஷயத்துக்குச் சொந்தக்காரர் சொன்னதைக் காட்டுங்கள். உடனே மாற்றிவிடுவேன்.

ரெண்டு டீமும் சமமா வந்தா?

டை-பிரேக்கர். விடை ஓர் எண்ணாக இருக்கும், நெருங்கி எழுதியவர் ஜெயிப்பார். யாருக்கும் மனப்பாடமாகத் தெரியாத, ஆனால் யோசித்தால் கிட்டே போகக்கூடிய எண்ணாகப் பார்த்து எடுப்பேன். உதாரணமாக, 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தின் நீளம் எத்தனை மீட்டர்? ராமேஸ்வரம் ரயிலில் போனவர்கள் பாலத்தைக் கடக்க ஆன நேரத்தையும் ரயில் ஊர்ந்த வேகத்தையும் வைத்துக் கணக்குப் போட ஆரம்பிப்பார்கள். அதைப் பார்ப்பதே சந்தோஷம். விடை ஏறத்தாழ 2,065. ஒரு டீம் 65 குறைத்தும் இன்னொரு டீம் 65 கூட்டியும் எழுதினால் அடுத்த டை-பிரேக்கருக்குப் போவோம்.

கேள்வியே தப்பா இருந்துச்சுன்னா யாருக்குப் பாயிண்ட்?

இரண்டு விதம் உண்டு. கேள்வி சரியாக இருந்து, நான் நினைக்காத இன்னொரு பதிலும் அதற்குப் பொருந்தினால், அதை எழுதிய டீமுக்கும் பாயிண்ட் கொடுத்துவிடுவேன். முதல் முதல்வர் கேள்வியை யாராவது மொட்டையாகக் கேட்டிருந்தால் ஐந்து பெயருக்கும் பாயிண்ட் கொடுப்பதுதான் நியாயம். கேள்வியின் அடிப்படையே தவறாக இருந்தால், உதாரணத்துக்கு ‘இந்தியாவின் தேசிய விளையாட்டு எது?’ என்று இருந்தால், அது எல்லோருக்கும் ரத்து. அதற்குப் பதிலாக உபரிக் கேள்வி ஒன்று வரும். ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஒன்று தனியாக எழுதி வைத்திருப்பேன். அறிவித்த விடையைப் பற்றிய புகாரை அடுத்த ரவுண்டு தொடங்குவதற்குள் சொல்லிவிடுங்கள். பரிசு கொடுத்த பிறகு மதிப்பெண்ணை மாற்ற மாட்டேன். ஆனால் சரியான விடையை அடுத்த மாதம் எல்லோர் முன்னாலும் வாசித்துவிட்டுத்தான் முதல் கேள்விக்குப் போவேன்.